அளக்கும் கருவியையும் அளந்து பார்ப்போம்

இரு திங்களுக்கு முன் நம் சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து, வந்திருந்த அன்பர்கள் காப்பி அருந்தி விடைபெற்றுக்கொண்டிருந்த வேளை. ஓர் இளைஞரும் அவருடைய தாயாரும் என் அருகே வந்து நின்றனர். இளைஞர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் பயின்று, தில்லிக்கு வந்து இன்னும் ஓராண்டு நிறையவில்லை. நொய்டாவில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிக்காலப் பணி.

"ஐயா, இவன் செய்த வேலை அத்தனையும் பிழை என்று மேலதிகாரி எழுதிவிட்டாராம். வருகிற மாதந்தான் வேலையை நிரந்தரம் செய்யும் சமயம். கருவிகளைப் பற்றி மாதாமாதம் எழுதுகிறீர்களே, இவன் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்" என்றார் தாயார்.

செய்தி இதுதான். அத்தொழிற்சாலையில் இதுவரை செய்துவந்தவை சில மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்கு உட்பட்ட சாதனங்கள். இப்போது முதன்முறையாக 100 மெகாஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்குப் பத்துக் கோடி முறை அலையும் மின்னலையைத் தரும் பலகை ஒன்றைச் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். அப்பலகையின் ஒரு புள்ளியில் அலையின் உயரம் 1 வோல்ட் இருத்தல் வேண்டும். பத்து விழுக்காடு கூடினாலும் குறைந்தாலும் குற்றமில்லை. இளைஞர் பத்துப் பலகைகளைக் கோத்து முடித்தார். சோதனை மேசையில் வைத்துப் பார்த்தபோது பத்தும் தேறவில்லை.

"எவ்வளவு காட்டிற்று, தம்பி?" என்று கேட்டேன்.

"எட்டுப் பலகைகளில் 0.57 வோல்ட்டை ஒட்டி, ஐயா. மற்ற இரண்டில் 0.40."

பத்துப் பிள்ளைகள் உள்ள வகுப்பில் எட்டுப் பேரும் ஒரே அளவாகக் குள்ளமாய் இருப்பதாக ஒருவர் அளந்து சொன்னால், பிள்ளைகளைக் குறை கூறுவதற்குமுன் அவர் கையிலுள்ள கோலை வாங்கிப் பார்ப்பதே முறை. இம்மாதம் அதைப் பற்றியே எழுதலாமென எண்ணுகிறேன்.

மின்னலையைக் கண்ணுக்குக் காட்டும் கருவிக்கு ஆஸிலாஸ்கோப் என்று பெயர். தமிழில் அலைகாட்டி என்போம். மருத்துவமனையில் நோயாளியின் தலைமாட்டில் இதயத் துடிப்பு மேடும் பள்ளமுமாய் ஓடும் திரையைப் பலரும் கண்டிருப்பீர்கள். அதன் உறவுக் கருவியே இதுவும். 1897ஆம் ஆண்டில் கார்ல் பெர்டினாண்ட் பிரவுன் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி அமைத்த கதிர்க் குழாய் இதற்கு மூதாதை. இன்று குழாய் போய்த் தட்டைத் திரை வந்துவிட்டது. எனினும் வேலை மாறவில்லை. சோதிக்க வேண்டிய புள்ளியைத் தொடுவதற்குப் பேனா போன்ற ஒரு முனை உண்டு. அதற்குப் புரோப் என்று பெயர். புரோப்பிலிருந்து ஒரு கேபிள் அலைகாட்டிக்குச் செல்லும்.

அலைகாட்டி காட்டுவது பலகையில் உள்ள அலை என்றே நாம் கருதுகிறோம். உண்மையில் அது காட்டுவது, புரோப்பையும் கேபிளையும் தன் உள்ளுறுப்புகளையும் கடந்து திரைவரை வந்து சேர்ந்த அலையை மட்டுமே. வழியில் ஒவ்வொரு சாவடியிலும் சிறிது சுங்கம் கழிக்கப்படுகிறது. கழிந்தது எவ்வளவு என்று அறிந்து அதனைத் திரும்பச் சேர்ப்பதற்கே திருத்தம் என்று பெயர்.

முதற் சாவடி புரோப்பின் முனை. ஒரு சிறு கிண்ணத்தில் வெந்நீர் இருக்கிறது. அதன் சூட்டை அறியக் குளிர்ந்த பெரிய வெப்பமானி ஒன்றை அதில் அமிழ்த்துகிறோம். வெப்பமானி தான் சூடேறும் பொருட்டு நீரின் சூட்டில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அது காட்டுவது பழைய சூடன்று. தான் புகுந்தபின் குறைந்துபோன சூடு. புரோப்பும் அவ்வாறே, தொட்ட புள்ளியிலிருந்து சிறிது மின்னோட்டத்தை இழுத்துக்கொள்கிறது.

"புரோப்பின் மின்தடை ஒரு கோடி ஓம் என்று போட்டிருக்கிறதே, ஐயா. அது எவ்வளவு இழுத்துவிடும்?" என்றார் இளைஞர். நியாயமான கேள்வி. வழக்கமாகப் பயன்படும், பத்தில் ஒரு பங்காகக் குறைத்து அனுப்பும் புரோப்பில் 90 இலட்சம் ஓம் தடை இருக்கிறது. அலைகாட்டியில் 10 இலட்சம். கூட்டினால் ஒரு கோடி. ஆயின் இக்கணக்கு அசையாத மின்சாரத்துக்கும் மெல்ல அசையும் மின்சாரத்துக்குமே பொருந்தும். புரோப்பின் முனையில் தவிர்க்க முடியாத ஒரு சிறு மின்தேக்கமும் உண்டு; பெரும்பாலும் 10 முதல் 15 பைக்கோபாரட். 12 என்று வைத்துக்கொள்வோம். மின்தேக்கம், அலையின் வேகம் கூடக்கூட மேலும் மேலும் வழி திறந்துவிடும் இயல்புடையது. 1 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் அதன் தடுப்பு ஏறத்தாழ 13,000 ஓம்; 100 மெகாஹெர்ட்ஸில் வெறும் 133 ஓம். ஒரு கோடி எங்கே, நூற்று முப்பத்து மூன்று எங்கே!

அவர் தொட்ட புள்ளியில் பலகையின் உள்தடை 100 ஓம். தடையும் மின்தேக்கமும் சேரும்போது நேராகக் கூட்டுதல் ஆகாது. செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களைப்போல் கூட்ட வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் அறிந்த 3, 4, 5 முக்கோணமே இங்கும் வருகிறது. 100, 133, 166 என்பவை ஏறத்தாழ அதே விகிதம். ஆகவே புரோப் தொட்ட மாத்திரத்தில் அப்புள்ளியின் அலை ஐந்தில் நான்கு பங்காகிறது. 1 வோல்ட் 0.80 ஆயிற்று.

இரண்டாம் சாவடி அலைகாட்டியின் எல்லை. அத்தொழிற்சாலையின் அலைகாட்டிமேல் '100 மெகாஹெர்ட்ஸ்' என்று எழுதியிருக்கிறது. அதுவரை அளவு பிசகாது என்று எண்ணுவோர் பலர். அதன் பொருள் அதுவன்று. எந்த வேகத்தில் 1 வோல்ட் 0.707 வோல்ட்டாகத் தேய்ந்து தெரிகிறதோ, அந்த வேகத்தையே எல்லையாகக் குறிப்பது அத்துறையின் வழக்கம். எல்லையிலேயே நின்று அளப்பவர் நூற்றுக்கு இருபத்தொன்பது பங்கை இழந்தவராகிறார். சாதாரணப் போக்குடைய அலைகாட்டியில், எல்லையின் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் ஏறத்தாழ 5 விழுக்காடும், ஐந்தில் ஒரு பங்கில் 2 விழுக்காடும் இழப்பு. அளக்கும் வேகத்தைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு எல்லையுடைய கருவியை எடுக்க வேண்டுமென அனுபவசாலிகள் கூறுவது இதனாலேதான்.

இனி இரண்டையும் பெருக்குவோம். 0.80ஐ 0.707ஆல் பெருக்க 0.57. எட்டுப் பலகைகள் காட்டிய அளவு இதுவேயன்றோ!

கணக்கு ஒத்துவந்ததும் இளைஞரின் முகம் மலர்ந்தது. ஆயினும் அவரை அவ்வளவில் அனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை. நமக்கு வேண்டிய விடையைத் தருகிறது என்பதற்காகவே ஒரு திருத்தத்தை ஏற்றுக்கொள்வது, பிழையான அளவை விடத் தீங்கானது. 12 பைக்கோபாரட் என்பது நாம் வைத்துக்கொண்ட எண். 0.707 என்பது ஏட்டில் உள்ள எண். அவர் மேசைமேல் இருக்கும் அந்தப் புரோப்பும் அந்த அலைகாட்டியும் எவ்வளவு இழக்கின்றன என்பதைச் சோதித்தே அறிய வேண்டும். அதற்கு மூன்று சோதனைகளைக் குறித்துக் கொடுத்தேன். இத்துறையில் பணிபுரியும் பிள்ளைகள் நம் குடும்பங்கள் பலவற்றில் இருப்பதால் அவற்றை இங்கும் எழுதுகிறேன்.

முதலாவது, புரோப்பைச் சமன் செய்தல். மெதுவான அலையைப் பத்தில் ஒன்றாகப் பிரிப்பவை தடைகள். விரைவான அலையைப் பிரிப்பவை மின்தேக்கங்கள். இவ்விரு பிரிவினையும் ஒத்திருக்க வேண்டும். அலைகாட்டியின் முகப்பிலேயே 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை தரும் ஒரு முனை இருக்கும். புரோப்பை அதில் மாட்டிப் பாருங்கள். சதுரத்தின் மூலை மழுங்கியிருந்தால் திருத்தம் போதவில்லை. மூலை கொம்புபோல் எழும்பினால் திருத்தம் மிகுந்துவிட்டது. புரோப்பில் உள்ள சிறு திருகை, மூலை நேராக நிற்கும்வரை திருப்ப வேண்டும். ஓர் அலைகாட்டியில் சமன் செய்த புரோப்பை மற்றொன்றில் மாட்டினால் மறுபடியும் சமன் செய்தாக வேண்டும். இதற்கு ஒரு நிமிடம் போதும். அதனைச் செய்யாமையால் வீணாகும் நாட்களோ பல.

இதனுடன் ஒரு சிறு குறிப்பு. புரோப்பின் எர்த் கம்பி 15 சென்டிமீட்டர் நீளமிருந்தால், அக்கம்பியும் முனையின் மின்தேக்கமும் சேர்ந்து 120 மெகாஹெர்ட்ஸை ஒட்டித் தாமே மணிபோல் அதிரத் தொடங்கும். இல்லாத உயரத்தைக் காட்டும். இளைஞர் இதனை அறிந்திருந்தார். நீண்ட கம்பியை விலக்கி, முனையோடு ஒட்டிய சிறு சுருட்கம்பியையே பயன்படுத்தியிருந்தார். அவர் வேலை தெரிந்தவர் என்பதற்கு எனக்கு அதுவே முதற் சான்றாயிற்று.

இரண்டாவது, இரட்டைப் புரோப் சோதனை. ஒரு புரோப்பால் அளந்துகொண்டிருக்கையில், அதே வகையான மற்றொரு புரோப்பையும் அதே புள்ளியில் தொட வேண்டும். முதற் புரோப் காட்டும் அளவு அசையாமல் இருந்தால் புரோப்பின் சுமை பொருட்படுத்தத் தக்கதன்று. அளவு விழுந்தால், முதலாவதும் முன்னரே அவ்வாறு விழச் செய்திருக்கிறது என்பது உறுதி. நம் கணக்கின்படி 0.57, 0.39க்கு இறங்க வேண்டும்.

மூன்றாவது, தெரிந்த ஒன்றை அளத்தல். அளவு சரிபார்த்துச் சான்றிதழ் பெற்ற அலையாக்கி ஒன்றிலிருந்து, 50 ஓம் முடிவுத்தடையின் குறுக்கே 100 மெகாஹெர்ட்ஸில் சரியாக 1 வோல்ட் வைத்து, அதே புரோப்பால் அதே அலைகாட்டியில் பார்க்க வேண்டும். அங்கே உள்தடை 25 ஓம் மட்டுமே ஆதலின் புரோப்பின் சுமை 2 விழுக்காட்டைத் தாண்டாது. மிஞ்சுவது அலைகாட்டியின் இழப்பு. அது 0.70 அளவில் நின்றால் நம் கணக்கு மெய்யாகும்.

சான்றிதழ் என்றேன். அதனை நம்புவது எதனால்? அலையாக்கியை ஒரு சோதனைக்கூடம் சரிபார்க்கிறது. அக்கூடத்தின் கருவியை அதற்கும் மேலான கூடம் சரிபார்க்கிறது. அச்சங்கிலியின் தலைக்கண்ணி நாம் வாழும் இத்தில்லி மாநகரிலேயே இருக்கிறது. நாட்டின் அளவு நியமங்களைக் காத்துவரும் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் 1950ஆம் ஆண்டு சனவரித் திங்களில் திறக்கப்பெற்றது. அதன் முதல் இயக்குநர் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் அவர்கள். அக்கூடம் இருக்கும் சாலைக்கு இன்று அவருடைய பெயரே வழங்குகிறது. அவ்வழியே பஸ்ஸில் செல்லும்போது பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லிக் காட்டலாம்.

இளைஞர் மற்றொன்றும் கேட்டார். "பலகையைச் சூட்டறையில் வைத்துச் சோதிக்கும்போது 6 மீட்டர் கேபிள் வழியாக அலையை வெளியே கொண்டுவருகிறோம். அதிலும் இழப்பு உண்டா?"

உண்டு. கீழ்த்தளத்துக் குழாயில் சீறிப் பாயும் நீர், நான்காம் மாடிக்குப் போகும்போது நூலாய் ஒழுகுவதை அறியாத இல்லத்தரசி இந்நகரில் யார்? கேபிளும் நீளத்துக்கேற்பத் தேய்க்கிறது. ஆனால் அது எல்லா அலைகளையும் ஒன்றுபோல் தேய்ப்பதில்லை. வேகம் மிகுந்த மின்னோட்டம் கம்பியின் உட்புறத்தை விட்டு மேல்தோலில் மட்டுமே செல்லும். ஆதலின் செல்லும் இடம் குறுகி, இழப்பு வேகத்தின் வர்க்கமூலத்துக்கேற்ப ஏறுகிறது. சோதனை மேசைகளில் பெரிதும் பழகிய ஒரு வகை 50 ஓம் கேபிள், 100 மெகாஹெர்ட்ஸில் 6 மீட்டருக்கு ஏறத்தாழ 1 டெசிபல் இழக்கும். 1 டெசிபல் என்றால் வோல்ட் அளவு 0.89 ஆகிறது, 3 என்றால் 0.71, 6 என்றால் பாதி, 20 என்றால் பத்தில் ஒன்று. டெசிபலில் எழுதுவதன் நன்மை, பெருக்க வேண்டிய இழப்புகளைக் கூட்டினாலே போதும் என்பதாம்.

கேபிள் அலையை உருக்குலைக்கும் என்பது இன்று கண்ட செய்தியன்று. 1858ஆம் ஆண்டு அட்லாண்டிக் கடலடியில் முதல் தந்திக் கம்பி போடப்பட்டபோது, நூறு சொற்களுக்கும் குறைவான ஒரு வாழ்த்துச் செய்தி கடலைக் கடக்கப் பதினாறு மணி நேரம் பிடித்தது. கூரான துடிப்புகள் மறுகரையில் மழுங்கி ஒன்றோடொன்று கலந்துவிட்டன. இவ்வாறு நேருமென்பதை வில்லியம் தாம்சன் 1855ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் காட்டியிருந்தார். அவரைப் பின்பற்றாத தந்திப் பொறியாளர், மேலும் மேலும் வோல்ட்டைக் கூட்டியே சரிக்கட்ட முயன்றார். சில வாரங்களில் கம்பி முற்றும் செயலிழந்தது. இழப்பின் தன்மையை அறியாமல் செய்யும் திருத்தம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அது நல்ல பாடம்.

கேபிளின் இழப்பை அறியும் வழி எளிது. அலையாக்கியை மிகக் குறுகிய கேபிளால் இணைத்து அளவைக் குறித்துக்கொள்க. பின்பு நீண்ட கேபிளை மாட்டி, அதே அலையை மறுபடி அளக்க. இரண்டின் விகிதமே இழப்பு. வேகத்தைப் படிப்படியாக மாற்றி ஒரு பட்டியல் எழுதி, அச்சீட்டைக் கேபிளிலேயே கட்டிவிட வேண்டும். மறுமுனையில் 50 ஓம் முடிவுத்தடையை மறத்தலாகாது. மறந்தால் அலை திரும்பி எதிரொலிக்கும். அளவு ஏறத்தாழ இரட்டிப்பாகவும் தோன்றக்கூடும். இரண்டு அலைகளை ஒப்பிடும்போது இரு கேபிள்களும் ஒரே நீளமாயிருத்தல் நலம். ஒரு மீட்டர் வேறுபாடு 5 நானோ விநாடி தாமதத்தைத் தரும்.

அலையின் உயரத்தையன்றி, துடிப்பு எழும் நேரத்தை அளப்போருக்கு வேறொரு கணக்கு. 100 மெகாஹெர்ட்ஸ் கருவி தானே எழ 3.5 நானோ விநாடி எடுத்துக்கொள்ளும். திரையில் 5 நானோ விநாடி தெரிந்தால், 25இலிருந்து 12.25ஐக் கழித்து வர்க்கமூலம் காண்க. உண்மை ஏறத்தாழ 3.6. நேராகக் கழித்து 1.5 என்று எழுதுவது தவறு.

இக்காலத்து உயர்ந்த அலைகாட்டிகளில் புரோப், கேபிள் ஆகியவற்றின் குணங்களை எண்களாகக் கொடுத்துவிட்டால், கருவியே இழப்பை ஈடுசெய்து காட்டும். வசதிதான். எனினும் பழைய இசைத்தட்டில் மங்கிய கீச்சொலியை உயர்த்தினால் அதனுடன் இரைச்சலும் உயர்வதுபோல், தேய்ந்த அலையைப் பெருக்கும்போது கருவியின் இரைச்சலும் பெருகும். இரைச்சலுக்குள் மூழ்கி மறைந்துபோன அலையை எந்தக் கணக்கும் மீட்டுத் தராது. ஆகையால் திருத்தம் சிறிதாக இருக்கும்படி நல்ல கருவியையும் குறுகிய கேபிளையும் தேர்வதே முதற் கடமை. எஞ்சியதைக் கணக்கால் திருத்துவது இரண்டாவது. அளந்த எண்ணையும் திருத்திய எண்ணையும் இரண்டையுமே ஏட்டில் எழுதிவைத்தல் வேண்டும். பின்னால் வருபவர் திருத்தம் சரிதானா என்று பார்க்க அதுவே வழி.

இளைஞர் இரண்டு வாரம் கழித்து என் இல்லத்துக்கு வந்தார். இரட்டைப் புரோப் சோதனையில் 0.57, 0.40க்கு இறங்கிற்று. அலையாக்கியின் 1 வோல்ட் 0.69 எனத் தெரிந்தது. இவற்றை ஒரு பக்கத்தில் எழுதி மேலதிகாரியிடம் பணிவாகக் கொடுத்திருக்கிறார். அவரும் நியாயமான மனிதர். வேறொரு பிரிவிலிருந்து 500 மெகாஹெர்ட்ஸ் அலைகாட்டியையும், முனையில் 1 பைக்கோபாரட் மட்டுமே உடைய ஆக்டிவ் புரோப்பையும் வாங்கிவரச் செய்து தாமே அளந்தார். எட்டுப் பலகைகளும் 0.97க்கும் 1.01க்கும் இடையே நின்றன.

"மற்ற இரண்டு?" என்றேன்.

இளைஞர் சற்றே தலைகுனிந்தார். "0.71 வந்தது, ஐயா. நம் கணக்குப்படித் திருத்தினாலும் அதே எண்தான் வருகிறது. இரண்டிலும் ஒரு மின்தேக்கியை மாற்றிப் பொருத்தியிருக்கிறேன். பிழை என்னுடையதே. அந்தப் பக்கத்தின் அடியிலேயே அதையும் எழுதிக் கொடுத்துவிட்டேன்."

எட்டைக் காத்த அதே கணக்கு இரண்டைக் காட்டிக் கொடுத்தது. அதனை மறைக்காமல் எழுதியதால்தான் எட்டைப் பற்றி அவர் எழுதியதையும் நம்ப முடிந்தது என்று மேலதிகாரி கூறினாராம். பணி நிரந்தர ஆணை இதை எழுதும் நாள்வரை வரவில்லை. ஆனால் அச்சோதனை மேசைக் கேபிள்கள் ஒவ்வொன்றிலும் இப்போது ஒரு சீட்டுத் தொங்குகிறது, எழுத்து அவ்விளைஞருடையது.

விடைபெறும்போது தாயார் கேட்டார்: "வீட்டில் இரத்த அழுத்தம் பார்க்க ஒரு கருவி வாங்கி வைத்திருக்கிறோம். அதுவும் இப்படித்தான் ஏறக்குறையக் காட்டுமோ?" காட்டும், அம்மா. கையில் சுற்றும் பட்டை கைக்குச் சிறிதாக இருந்தால், உள்ளதைவிட மிகுதியாகவே காட்டும். அதைப் பற்றி அடுத்த இதழில் விரிவாக எழுதுகிறேன்.